ரோட்டுப் புளி

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். இடது பக்கம் ஜன்னலோரம் கிடைத்துவிட்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் கிலோமீட்டர் கல் தெரியும். கல் தெரிந்தால்தான் எந்த மரம் எங்கே என்று எனக்குக் கணக்கு வரும். நாகமலை புதுக்கோட்டை, காமராசர் பல்கலைக்கழகம், செக்கானூரணி, கருமாத்தூர் என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் மரங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். உசிலம்பட்டி தாண்டி எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு வருவதற்குள் எனக்குத் தெரிந்த மூன்று மரங்கள் இல்லை. ஒன்றின் அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதன்மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அய்யா, அதாவது என் அப்பா, முதலில் கேட்டது அதைத்தான்.

"பதினாலு நிக்கிதா, ஆத்தா?"

பதினாலு என்பது ஒரு புளியமரம்.

எங்கள் பக்கம் ரோட்டோரப் புளியமரங்களுக்கு நம்பர் உண்டு. அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடித்து, அதன்மேல் கறுப்பு பெயிண்டில் எழுதியிருப்பார்கள். மரம் நெடுஞ்சாலைத்துறையின் சொத்து. ஆனால் காய்க்கும் பழத்தை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை, இத்தனை மரம் என்று கணக்கு. ஏலம் எடுத்தவர் பழத்தை உலுக்கிக்கொள்ளலாம். கிளையை வெட்டக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. என் அய்யா பதினெட்டு வருஷம் அப்படி ரோட்டுப் புளி எடுத்தவர். எங்களுக்கு நிலம் கிடையாது. அந்த ரோடுதான் எங்கள் நிலம் என்று அப்பத்தா சொல்வார். நானும் தம்பியும் படித்தது அந்தப் புளியில்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது மதுரையிலிருந்து தேனி போகிற ரோடு. தேனிக்கு 76 கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் படித்தபோது அதற்குத் தேசிய நெடுஞ்சாலை 49 என்று பெயர். கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாக ராமேசுவரம் பக்கம் போகும். 2010-இல் நாடு முழுக்க நம்பர்களை மாற்றியபோது இது 85 ஆனது. இப்போது கொச்சியிலிருந்து தொண்டி வரை. கல்லின் மஞ்சள் தலை மட்டும் மாறவில்லை. மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை என்றால் மாநிலச் சாலை. இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. ஏலத்துக்குப் போகும்போது அய்யா சொல்லித்தந்தார். அய்யாவுக்கு இன்னமும் அது நாப்பத்தொம்பதுதான்.

ஏலத்துக்கு முன்பே அய்யா மரங்களைப் பார்த்துவிடுவார். புளி வைகாசி, ஆனியில் பூக்கும். மஞ்சள் இதழில் சிவப்பு நரம்பு ஓடும் சின்னப் பூ. பூத்ததிலிருந்து பழுப்பதற்கு எட்டு ஒன்பது மாசம் ஆகும். பிஞ்சு பிடித்த பிறகு சைக்கிளில் போய் ஒவ்வொரு மரத்தின் கீழும் நின்று அண்ணாந்து பார்ப்பார். இந்த வருஷம் கொட்டிக் காய்த்த மரம் அடுத்த வருஷம் ஓய்வெடுக்கும். அதனால் போன வருஷக் கணக்கை வைத்துக்கொண்டு ஏலத்தில் விலை சொன்னால் மாட்டிக்கொள்வோம். அய்யாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் ஒன்பது இளைக்கும், பதினொண்ணு ஈடு கட்டும், பதினாலு கைவிடாது என்று மரங்களைப் பற்றி அவர் சொன்னால் அப்படியே நடக்கும். வீட்டுக்குள் எங்கள் பேர் அடிபட்டதைவிட இந்த நம்பர்கள் அடிபட்டதுதான் அதிகம்.

தை கழிந்து மாசி பிறந்ததும் உலுக்கல் தொடங்கும். மரம் ஏறத் தெரிந்த இரண்டு பேர் மேலே. சித்தப்பா அதில் ஒருவர். கிளை மேல் நின்று காலால் மிதித்து உலுக்குவார்கள். எட்டாத நுனிக்குத் தொரட்டி. கீழே பெண்கள் பொறுக்குவார்கள். பாதிப் பழம் தார் ரோட்டில்தான் விழும். அதனால் ரோட்டில் ஆள் நிறுத்த வேண்டும். எனக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும்போது அந்த வேலை என்னுடையது. ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டிக் கையில் கொடுத்து, வளைவுக்கு முன்னால் நிறுத்திவிடுவார்கள். வண்டி வந்தால் துணியை ஆட்டிக்கொண்டே, "வண்டி வருது, ஓரம் வாங்க"னு கத்த வேண்டும். பெண்கள் முந்தானையை அள்ளிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுவார்கள். லாரி போன பிறகு பார்த்தால் நசுங்கிய பழம் தாரோடு ஒட்டிக் கிடக்கும். அதையும் அப்பத்தா சுரண்டி எடுப்பார், மாட்டுக்கு என்று.

ஒருநாள் நான் துணி ஆட்டியும் ஒரு வேன் வேகம் குறையவில்லை. எங்கள் தெரு மதினி ஒருவர் கூடையை எடுக்கத் திரும்பிப் போனார். வேன் கூடையை மட்டும் அடித்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மதினிக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் பேசவே இல்லை. என் கையும் ராத்திரி வரை நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து அய்யா வளைவில் அவரே நின்றார். என்னை வீட்டில் கொட்டை எடுக்கப் போட்டார்.

கொட்டை எடுப்பதைச் சும்மா உட்கார்ந்து செய்யும் வேலை என்று நினைக்கக் கூடாது. வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த பழத்தைச் சாக்கில் பரப்பி மரக்கட்டையால் தட்டினால் ஓடு நொறுங்கும். சுளகில் புடைத்து ஓட்டை ஒதுக்குவோம். அப்புறம் ஒவ்வொரு பழமாக எடுத்துக் காம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். நரம்பு மூன்று நாலு இழையாகக் காம்போடு முழுசாக உரிந்து வந்தால் பழம் நல்ல பக்குவம். அறுந்து அறுந்து வந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பவும் வெயிலுக்குப் போக வேண்டும். கடைசியில் கொட்டை. அப்பத்தா ஒரு கருங்கல்லை மடிக்கு முன்னால் வைத்துக்கொள்வார். பழத்தை அதன்மேல் ஒருக்களித்துப் போட்டு, சாண் நீள இரும்புக் கம்பியால் முதுகில் ஒரே ஒரு தட்டு. பழம் பக்கத்தில் வாயைத் திறக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் கொட்டைகள் ஒவ்வொன்றாகப் பிதுங்கி வெளியே விழும், புதுசாகத் தேய்த்த மாதிரி பளபளவென்று. தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தால் கொட்டை உடைந்து சதையில் சிக்கிக்கொள்ளும். அந்தப் புளிக்கு விலை குறையும். ஒரு பழத்துக்கு அப்பத்தாவுக்கு மூச்சு விடும் நேரம்தான் ஆகும். எனக்கு அந்தக் கை கடைசி வரை வரவில்லை. நகக்கண்ணில் புளி ஏறி எரியும். ராத்திரி சோற்றில் கை வைக்க முடியாது. அம்மா உருட்டிக் கையில் வைக்காமல் வாயில் ஊட்டிவிடுவார்.

கொட்டையும் வீணாகாது. வறுத்துத் தின்போம், பல்லாங்குழி ஆடுவோம், மிச்சத்தைச் சாக்குக் கணக்கில் வியாபாரி வாங்கிப் போவார். பாவு நூலுக்குப் போடும் கஞ்சிக்கு அந்தக் கொட்டை மாவுதான் சேரும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் வீட்டுக்கு வீடு தறி. இதே ரோட்டில் எங்களுக்கு அடுத்த ஊர்கள். அவர்கள் பாவுக்கும் எங்கள் புளியங்கொட்டைக்கும் எங்கேயோ ஒரு தொடர்பு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருஷம் மாசிக் கடைசியில் மூன்று நாள் மழை. பழம் மரத்திலேயே ஊறிப்போனது. நனைந்த புளி கறுத்துவிடும், புழு வைக்கும். அந்த வருஷம் ஏலப் பணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருந்தது. மீட்க இரண்டு வருஷம் ஆனது. மீட்டுக் கொண்டுவந்த அன்றைக்கு அம்மா அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஏலத்துக்கு வேண்டியிருக்கும் என்று டப்பாவிலேயே வைத்துவிட்டார்.

இந்த ரோட்டைப் பற்றி எழுதினால் கணவாயைச் சொல்லாமல் இருக்க முடியாது. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் மலை இடுக்கில் ரோடு ஏறி இறங்கும். 1996-இல் தேனி தனி மாவட்டமானதும் அதுவே எல்லையாகவும் ஆனது. ஆனி, ஆடியில் கணவாய் தாண்டியதும் காற்று பஸ்ஸைப் பிடித்துத் தள்ளும். அந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. எங்கள் ஊரில் ராத்திரி படுத்தால் லாரிகள் கணவாய் ஏறுவதற்குக் கியர் மாற்றும் சத்தம் கேட்கும். கம்பத்துத் திராட்சை, வாழைத்தார், தேங்காய், போடி ஏலக்காய் எல்லாம் மதுரைக்கு இந்த வழியாகத்தான் இறங்கும். ஏலக்காய் மூட்டை ஏற்றிய வண்டி நின்று போனால் டீக்கடை கொஞ்ச நேரம் மணக்கும்.

முன்பெல்லாம் பாரத்தில் பாதியை ரயில் தாங்கியது. மதுரை–போடி மீட்டர் கேஜ், 90 கிலோமீட்டர். நான் கல்யாணமாகி உசிலம்பட்டியில் இருந்தபோது வேலைக்கு அதில்தான் போனேன். அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 முடிந்ததோடு ரயிலை நிறுத்தினார்கள். திரும்பத் தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாசம், போடி வரை வந்தது 2023 ஜூன். நடுவில் பதினோரு வருஷத்துக்கு மேல் எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிட்டோம். படியில் தொங்கிக்கொண்டு காலேஜ் பிள்ளைகள், மடியில் மல்லிகைப்பூ மூட்டையோடு பெண்கள், கடா ஆட்டோடு ஏற நினைத்துக் கண்டக்டரிடம் மன்றாடும் தாத்தா. வண்டி பெருகியது. ரோடு பத்தாது என்று ஆனது. மரங்களில் புது நம்பர் விழுந்தது. இந்த முறை சிவப்பு பெயிண்டில், அளக்க வந்தவர்கள் போட்ட நம்பர்.

ரோடு அகலமாவதை நான் எதிர்க்கவில்லை. எதிர்க்கவும் முடியாது. 2019-இல் ஒரு ராத்திரி அய்யாவுக்கு நெஞ்சுவலி. உசிலம்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். 108 வண்டியில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ரோடு அகலமாக இருந்த இடத்தில் வண்டி பறந்தது. குறுகலான இடத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்தது. அந்த லாரியின் பின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நான் வேண்டாத சாமி இல்லை. ராஜாஜி ஆஸ்பத்திரியில் டாக்டர், "நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க" என்றார். அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாலு மரம் போன இடத்திலிருந்து வந்தது.

ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்கிறார்கள். நடவும் செய்கிறார்கள், நான் பார்க்கிறேன். புங்கன், வேம்பு, அப்புறம் பூவுக்காக ஏதோ ஒன்று. புளி மட்டும் இல்லை. கேட்டால், புளி வளர நாளாகும் என்கிறார்கள். விதை போட்டு வளர்த்தால் எட்டுப் பத்து வருஷம் ஆகும்தான். ஆனால் இதே ரோட்டில் தேனி வரை போய், அங்கிருந்து பெரியகுளம் போனால் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே வெளியிட்ட பி.கே.எம். 1 ரகப் புளி, ஒட்டுக்கன்றாக வைத்தால் நாலைந்து வருஷத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். நம் வாசலில் உள்ள மரத்தை நம் ரோட்டில் வைக்க என்ன தடை? ரோட்டு விளிம்பில் வேண்டாம், இன்னும் அகலப்படுத்தும்போது அதுவும் போகும். நாலு கஜம் உள்ளே தள்ளி வைக்கட்டும். புளிக்கு வேர் ஆழம். ஆடிக் காற்றுக்குச் சாயாது, சித்திரை வெயிலுக்குக் காயாது. உசிலை மரத்தால் பேர் வாங்கிய ஊர் எங்கள் உசிலம்பட்டி. இப்போது ஊருக்குள் உசிலை மரத்தைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. புளிக்கும் அந்த நிலை வந்துவிடக் கூடாது.

நான் இப்போது மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். புளிச் சீசனில் தும்கூர்ச் சரக்கு வரும், சத்தீஸ்கரிலிருந்து ஜகதல்பூர்ச் சரக்கு வரும். லாரி லாரியாக வரும். நல்ல புளிதான், குறை சொல்லவில்லை. உசிலம்பட்டிச் சரக்கு என்று நான் நோட்டில் எழுதிப் பல வருஷமாகிறது. மூட்டை பிரிக்கும்போது மட்டும் ஒரு பழத்தை எடுத்து நரம்பை இழுத்துப் பார்ப்பேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பதினாலு நிற்கிறதா என்று அய்யா கேட்டபோது, பஸ் வேகத்தில் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். மூன்று மரம் போனதைச் சொல்ல மனசு வரவில்லை. சாயங்காலம் நான் கிளம்பும்போது, "நானும் விலக்கு வரைக்கும் வாறேன்" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். தம்பி மகன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். விலக்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே நடந்தோம். அய்யா நின்று நின்று நடந்தார்.

பதினாலு நின்றது. அடிமரத்தில் சிவப்பு நம்பர் இல்லை. ரோடு அந்த இடத்தில் எதிர்ப்பக்கம்தான் அகலமாகியிருந்தது. அய்யா பட்டைமேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். சுண்ணாம்புக்குக் கீழே பழைய நம்பர் தெரிகிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "தெரியாட்டி என்ன, இது அதுதான்" என்றார். யாரும் உலுக்காததால் பழம் தானாக உதிர்ந்து ரோட்டில் கிடந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டுப் பொறுக்கத் தொடங்கினேன். அவர் ஒன்றை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே கடகடவென்று ஆடியது.

"ஓட்டை விட்டுருச்சு ஆத்தா. இன்னும் ரெண்டு நாள் காயப்போட்டாப் போதும்."

தார் ரோட்டின் நடுவில் நல்ல பழம் நாலைந்து கிடந்தது. எடுக்க இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் அய்யா எனக்கு முன்னால் இருபதடி தள்ளி, வளைவைப் பார்த்தபடி ரோட்டோரம் போய் நிற்கிறார். தோளில் கிடந்த துண்டு கையில் இருக்கிறது.

"வண்டி வருது, ஓரம் வா!"

அது மதுரை போகிற பஸ். அய்யா துண்டை வீசியதைப் பார்த்து டிரைவர் எங்களுக்காகத்தான் என்று நிறுத்திவிட்டார். கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்றார். முந்தானையில் புளியோடு அப்படியே ஏறினேன். பையை அய்யா எட்டிக் கொடுத்தார். பஸ் கிளம்பிய பிறகு பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அடுத்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அவர் துண்டை இறக்காமலே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.